உந்தப் பக்கம்

உடுவிலில் ஒருவர் இருந்தார். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் தன் கண்ணால் ஒன்றையும் பார்க்கமாட்டார். கையில் மணிக்கூடு கட்டியிருப்பார். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருக்கிற பெடியனின் கையைக் காட்டி, "தம்பி, உதிலை எத்தினை மணி?" என்று கேட்பார். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல், பின்னால் நிற்கிற மனிசியிடம் "முள்ளு நேராய் நிக்குதோ, பிள்ளை?" என்பார். அந்த மனிசி ஓம் என்றால் அவருக்கும் ஓம். எங்கள் கடைக்கு வந்தால், மூக்குக்கு முன்னால் தொங்குகிற ரெக்சினைத் தொட்டுக்கொண்டே "தங்கச்சி, இது கறுப்போ, கடும் நீலமோ?" என்று என்னைக் கேட்பார்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. எங்களுடையது குசன் கடை. ஓட்டோ, வான், மோட்டார் சைக்கிள் என்று எதற்கும் சீற் தைத்துக் கொடுப்போம். வெட்டுவதும் அடிப்பதும் என் கணவர், தைப்பது நான். வேலை தலைக்குமேல் கிடக்கிற நேரத்தில் ஒருவர் வந்து நின்று நிறம் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? கண்ணாடி வாங்க மனமில்லாத கஞ்சன் என்று முடிவு கட்டினேன். ஒருநாள் வேண்டுமென்றே ஊசியையும் நூலையும் அவரிடம் நீட்டி, "அண்ணை, இதை ஒருக்காக் கோத்துத் தாங்கோ, எனக்குக் கண் தெரியுதில்லை" என்றேன். ஒரே தரத்தில் கோத்துவிட்டார். கோத்ததை என் முகத்துக்கு நேரே பிடித்து, "போயிட்டுதோ எண்டு பாரும்" என்றார்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை. பிறகு எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. விளங்கிய பிறகு, ஏன் விளங்கியது என்று இருந்தது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுதமாட்டேன். எழுதினால் உடுவிலில் பாதிப்பேர் அவருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அவர் இருந்தபோது அந்தச் சொந்தங்கள் எதுவும் படலையைத் திறந்து உள்ளே போனதை நான் காணவில்லை. ஏதோ கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெரிய கல்வீடு, அதில் அவர் ஒருவர்தான். சமையலும் ஒருவருக்குத்தான், ஆனால் சாப்பாட்டு மேசையில் எப்போதும் இரண்டு கதிரை இழுத்தபடி இருக்கும்.

அவர் முதன்முதல் கடைக்கு வந்தது ஒரு முதுகு மெத்தையோடு. மெத்தை என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. கறையான் தின்ற மரச்சட்டமும், அதில் ஒட்டியிருந்த கொஞ்சத் தும்பும்தான். சைக்கிள் கரியரில் குறுக்கே கட்டி, உடுவிலிலிருந்து உருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன அண்ணை, பள்ளிக்கூட வாங்கு மாதிரி இருக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

"கார் சீற், தம்பி. ரெண்டு பேர் இருக்கிற கார். அடிமெத்தை ஆளுக்கொண்டு. முதுகு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்டு."

அப்படி ஒரு காரை நாங்கள் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் பழைய கார்களுக்குக் குறைவில்லை. கல்யாணத்துக்குப் பூச்சுற்றி வருகிறதும், மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடினதும் எல்லாம் எங்கள் கைபட்டவைதான். ஆனால் இது வேறு சாதி. இங்கிலாந்திலிருந்து அவருடைய தகப்பனார் இறக்குவித்த பந்தயக் கார். நீளமான முகம், கம்பிச் சில்லு, கித்தான் கூரை. அவர் காட்டக் கூட்டிக்கொண்டு போனபோது, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலுக்குள் தறப்பாளால் மூடி நிறுத்தியிருந்தார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது சில்லும் பற்றரியும் இல்லையாம். எஞ்சின் துருப்பிடித்து இறுகிப்போய்க் கிடந்ததாம். நாலு கல்லை அடுக்கி அதன் மேல் கார் நின்றது.

என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. "எஞ்சினை முதல் பாத்தாலெல்லோ அண்ணை? ஓடாத காருக்கு என்னத்துக்கு மெத்தை?"

"ஓடுறதுக்கோ தம்பி நான் செய்யிறன்? இருக்கிறதுக்கு."

என் கணவர் திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். காருக்கு முன்பக்கத்தில் மீற்றர்கள் பதிக்கிற பலகை இருக்கிறதே, அதைப் பலாப்பலகையில் புதிதாக அறுத்து, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார். மீற்றர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய சுளகு ஒன்றில் பரப்பி, மேலே மெல்லிய வேட்டித்துண்டால் மூடியிருப்பார். எண்ணெய்க்கு ஒன்று, பற்றரிக்கு ஒன்று, எஞ்சின் சுற்றுக்கு ஒன்று. எண்ணெய் மீற்றரின் முகத்தை ஈரப் பஞ்சால் துடைக்க, அதிலிருந்த இலக்கங்கள் பஞ்சோடு வந்துவிட்டனவாம். அன்று கடைக்கு வந்து, ஆள் செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி இருந்தார். பிறகு நாட்கணக்காகக் கறுப்பு மையும் ஒற்றை மயிர்த் தூரிகையுமாக இருந்து திரும்ப எழுதினார். முள்ளுக்குப் பூசுவதற்கு என்னிடம்தான் வெள்ளை நகப்பூச்சு வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு இலக்கத்தையும் எழுதிவிட்டு, யாராவது வருவார்களா என்று பார்த்திருப்பார். மின்சார வாசிப்பு எடுக்க வந்தவரையும் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய், "தம்பி, உந்த ஆறு ஆறு மாதிரி இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெடியனே வந்து கடையில் சொன்னது.

இனி நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். அது பிழையும் இல்லை, சரியும் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சால் வந்தது.

முதுகு தைத்து முடிந்து, இரண்டு அடிமெத்தையும் கடையில் கிடந்த சமயம். ஒன்று என் மேசையில், மற்றது வாசலில் பசை காய்ந்துகொண்டிருந்தது. அவர் தொலைபேசியில் எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு விசயம். உந்தப் பக்கத்து மெத்தைக்கு நல்ல ஸ்பொஞ்ச் வைச்சு, மெத்தெண்டு போடும். இந்தப் பக்கம் எப்பிடியும் இருக்கட்டும்."

"உந்தப் பக்கம்தானே, அண்ணை?"

"ஓம், உந்தப் பக்கம்."

நானும் சரி என்று என் கைக்குக் கிட்ட மேசையில் இருந்த மெத்தைக்கு இரட்டை ஸ்பொஞ்ச் வைத்து இறுக்கித் தைத்துவிட்டேன். எங்களுக்கு 'இது' என்றால் சொல்பவருக்குக் கிட்ட இருப்பது. 'அது' என்றால் இரண்டு பேருக்கும் தள்ளி இருப்பது. 'உது' என்றால் கேட்பவருக்குக் கிட்ட இருப்பது. அவர் சொல்கிறார், நான் கேட்கிறேன், அப்படியென்றால் உந்தப் பக்கம் என் கைப்பக்கம்தானே? இதை வேறு எப்படி விளங்குவது?

கொண்டுபோய்ப் பூட்டினோம். அவர் ஸ்ரியறிங்குக்கு முன்னால் ஏறி இருந்தார். தலை கித்தான் கூரையில் போய் முட்டியது. இடப்பக்க மெத்தை பலகை மாதிரி தட்டையாகக் கிடந்தது. நான் சிரிக்கத் தொடங்கினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

"நான் உந்தப் பக்கம் எண்டெல்லோ சொன்னனான்!"

"எந்தப் பக்கம் அண்ணை?"

"உந்தப் பக்கம்! உந்தப் பக்கம்!"

அவர் கை இடப்பக்கத்து வெறும் சீற்றைக் காட்டியது. நான் நின்றது அவருக்கு வலப்பக்கம், கதவோடு. என் கணவர் வெளியில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சீற்றுக்குக் கிட்ட ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாத இடத்தைக் காட்டி எங்கள் ஊரில் 'உது' என்று சொல்லமாட்டார்கள். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஆருக்கு அண்ணை இந்த மெத்தை?" என்று கேட்டேன்.

கோபம் இறங்கிப்போய், அவர் ஸ்ரியறிங்கைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்தபடியே சொன்னார். மனைவி ரொறொன்ரோவில். நாட்டில் சண்டை கடுமையாக நடந்த காலத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு போனவர். அந்த மனைவியை நான் அக்கா என்றே சொல்கிறேன். பாயில் கிடந்த தாயைப் பார்க்க இவர் நின்றுவிட்டார். தாய் போன பிறகு விசா சரிவரவில்லை. விசா சரிவந்தபோது இவருக்குப் போக மனம் வரவில்லை. இரண்டு பேருக்கும் இடையில் சண்டையும் இல்லை, பிரிவும் இல்லை. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் தொலைபேசி, அவ்வளவுதான். இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா வருகிறா, நல்லூரில் தன் தங்கச்சி வீட்டில் தங்குவா.

"வந்தால் இஞ்சையே நிண்டிடுவா எண்டு நினைக்கிறன்" என்றார். "நிக்கவேணும் எண்டுதான் இதெல்லாம் செய்யிறன். அவவுக்கு இந்தக் கார் எண்டால் உயிர்."

பிறகு பலகையைக் காட்டினார். எஞ்சின் சுற்றைக் காட்டுகிற மீற்றர் ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும். ஆனால் வேகம் காட்டுகிற மீற்றருக்கான ஓட்டை அந்தப் பக்கம், இடப்பக்கத்தில் இருப்பவருக்கு நேரே. வெள்ளைக்காரன் அந்தக் காரை அப்படித்தான் செய்து அனுப்பினானாம். கலியாணம் முடிந்து இரண்டு பேருமாகக் கீரிமலைக்கும் பருத்தித்துறைக்கும் போகும்போது, "உதிலை எவ்வளவு காட்டுது?" என்று இவர் கேட்பாராம். "முப்பது", "நாப்பது", "ஐயோ, அம்பது" என்று அக்கா சொல்வாவாம். "ரோட்டைப் பாருங்கோ, இதை நான் பாக்கிறன்" என்பாவாம்.

"ஓடேக்கை நான் ஒருக்காலும் உதைத் திரும்பிப் பாத்ததில்லை, தங்கச்சி. அவ பாத்தால் நான் பாத்த மாதிரித்தானே."

அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. அன்றைக்கு எனக்கும் அது நல்ல விசயமாகத்தான் பட்டது. திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து என் கணவரிடம் தேவையில்லாத கேள்வியெல்லாம் கேட்டேன். "உனக்கென்ன, விசர் பிடிச்சிட்டுதோ?" என்றார் அவர். மெத்தை இரண்டையும் பிரித்து மாற்றித் தைத்தேன். இடப்பக்கத்து மெத்தைக்கு ஓரத்தில் ஒரு வரி தையல் கூடப் போட்டுக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் போட்டது.

மாற்றித் தைத்ததைக் கொண்டுபோனபோது அவர் கொட்டில் நிலத்தில் சாக்கு விரித்து இருந்தார். வேக மீற்றர் மடியில் கிடந்தது. கடைசியாக வைத்துப் பார்ப்போம் என்று அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தவர், அன்றுதான் பழைய பலகையிலிருந்து கழற்றியிருந்தார். வழக்கமாக நான் வந்தவுடன் எதையாவது நீட்டிக் கேட்பாரே, அன்று ஒன்றும் கேட்கவில்லை.

"சில்லிலையிருந்து வாற கேபிள் இதுக்குள்ளைதான் பூட்டுறது" என்று மீற்றரின் பின்பக்கத்தைத் திருப்பினார். அந்த ஓட்டையில் மெழுகுதிரி உருக்கி ஊற்றி, மேலே சைக்கிள் ரியூப் துண்டு வைத்து, செப்புக் கம்பியால் வரிந்து கட்டியிருந்தது. "இது என்னைப் பெத்த ஐயான்ரை கட்டு. ஐயா ஒருத்தர்தான் இப்பிடி ரெட்டை முடிச்சுப் போடுவார். கேபிள் அறுந்திருக்கும், புதுசு வாறவரைக்கும் பூச்சி போகாமல் அடைச்சு விட்டிருக்கிறார்."

"சரி, அதுக்கென்ன அண்ணை?"

"ஐயா செத்த பிறகுதான் எனக்குக் கலியாணம்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப அவ இருந்த காலத்திலை இந்த முள்ளு அசையவே இல்லை, தங்கச்சி. கார் நிக்கேக்கை நான் பாத்திருக்கிறன். பூச்சியத்திலை நிக்கும். நிக்கிற காரிலை முள்ளு பூச்சியத்திலைதானே நிக்கவேணும்? முப்பது, நாப்பது எண்டு சொன்னதெல்லாம் என்ன?"

கேட்டது என்னையா, மீற்றரையா என்று தெரியவில்லை. நான் ஏதோ சொல்லவேண்டும் என்பதற்காக, "அவவுக்குப் பயத்திலை எவ்வளவு மாதிரி இருந்துதோ, அதைச் சொல்லியிருப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அக்கா வந்ததும் வராததுமாக இதை எடுத்து வைத்துக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். "இதை மட்டும் கேட்டுப்போடாதேங்கோ அண்ணை" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "சீ, நான் கேப்பனோ" என்றார். கேட்காமல் இருக்கத் தெரியாத மனிதர் என்பதை அவரும் மறந்துபோய்ச் சொன்னார், நானும் மறந்துபோய் நம்பினேன்.

கடைசியில் அந்த மீற்றரையும் துடைத்து, முள்ளுக்கு வெள்ளை பூசி, பலகையில் பதித்துவிட்டார். பலாப்பலகையும் கறுப்பு ரெக்சினும் மீற்றர் வளையங்களுமாக, உள்ளே அந்தக் கார் அவ்வளவு வடிவாக இருந்தது. வெளியே அதே துருவும் நாலு கல்லும்.

அக்கா வருகிற அன்று என்னையும் வரச் சொன்னார். "வீட்டிலை ஒரு பொம்பிளை நிண்டால் நல்லது" என்றார். நான் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைத்துவிட்டு வாசலில் நின்றேன். நல்லூரிலிருந்து அந்தத் தங்கச்சியின் வான் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அக்கா கால்சட்டையும் நீளச் சட்டையுமாக, நரைமயிரைக் கட்டையாய் வெட்டிவிட்ட மெல்லிய மனுசி. முகத்தில் எதுவும் கடுமை இல்லை. "எப்பிடி இருக்கிறியள்? மெலிஞ்சுபோனியள்" என்றா. "நீரும்தான்" என்றார் அவர். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு நேரே கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்கு முழங்கால் நோ. அக்கா என் தோளைப் பிடித்து, ஒருமாதிரி வளைந்து, இடப்பக்கத்தில் ஏறி இருந்தா. "நல்ல மெத்தெண்டு இருக்கு" என்றா. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஓடிப்போய் மற்றப் பக்கத்தால் ஏறி, ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். முன்னால் ஒரு ரோட்டும் இல்லை, கொட்டில் தகரம்தான். அந்தச் சந்தோசத்தை என்னால் சொல்லிமுடியாது.

"உதிலை எவ்வளவு காட்டுது?" என்றார்.

அக்கா சிரித்தா. "ஐயோ, இன்னும் இதே கேள்விதானோ? பூச்சியம்."

அத்தோடு விட்டிருக்கலாம். வாய் விடவில்லை. "உந்த மீற்றர் அந்த நாளிலும் ஓடேல்லை எண்டு உமக்குத் தெரியுமோ?"

"ஓடேல்லையோ?" அக்கா உண்மையாகவே ஆச்சரியப்பட்டா. "எனக்கெப்பிடித் தெரியும்? நான் பாத்தால்தானே. இதிலை ஏறினால் எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். வீட்டுக்குத் திரும்பி வந்து சேருமட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருப்பன்."

"அப்ப இலக்கம் சொன்னது?"

"நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பியள். நாப்பது எண்டால் உங்களுக்குச் சந்தோசம், குரலிலை தெரியும். அதாலை நாப்பது எண்டு சொல்லுவன். கெதியாய் ஓட்டிறியள் எண்டு பட்டால் அம்பது எண்டுவன்."

"ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே."

"என்னத்தைச் சொல்லுறது? ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதோ பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த குடையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னா. எனக்குத்தான் உள்ளே போய்த் தைத்தது. அவர் அப்போதுதான் தலையை இடப்பக்கம் திருப்பி அக்காவைப் பார்த்தார். அக்கா கதவைத் திறக்கிற பிடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தா.

தேத்தண்ணி குடித்தார்கள். மகளைப் பற்றி, அங்கத்தைய குளிரைப் பற்றிக் கதைத்தார்கள். மத்தியானம் வான் வந்தது. திருவிழா முடியும் வரைக்கும் அவர் தினமும் நல்லூருக்குப் போய் அக்காவைக் கண்டுவந்தார் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் ஒருவரிடமும் மணி கேட்கவில்லை என்றும் சொன்னார்கள். திருவிழா முடிந்தது. அக்கா பிளேன் ஏறிவிட்டா.

எனக்குப் பொறுக்கவில்லை. மிஞ்சிய ரெக்சின் துண்டைக் கொடுக்கிற சாட்டில் உடுவிலுக்குப் போனேன். அவர் காருக்குத் தறப்பாள் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நுனியை நானும் பிடித்தேன்.

"அண்ணை, அவவை நிக்கச் சொல்லிக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஊர் உலகத்திலை எல்லாரிட்டையும் எல்லாத்தையும் கேக்கிறியள். இந்த ஒண்டைக் கேக்க உங்களுக்கு வாய் வரேல்லையோ? இவ்வளவு காலமும் இதுக்குத்தானே பாடுபட்டனீங்கள்?"

அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பா, தங்கச்சி" என்றார். "எனக்குச் சந்தோசம் எண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இஞ்சை இருந்திருப்பா."